இடது இடுப்புக்கு ஒரு துப்பாக்கி

அக்டோபர் மாதக் கடைசியில் என் மனைவி மார்னாவின் வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவள் தொழில். இருபத்திரண்டு வருடமாக இந்த வடக்கு டகோட்டா மேய்ச்சல் நிலத்தில் பண்ணை பண்ணையாகத் தனியாக பிக்கப் ஓட்டிக்கொண்டு போய் வருகிறாள். அன்று ஒரு பண்ணையில் கிடேரி ஒன்று மிரண்டு பின்வாங்கியது. மாட்டை நிறுத்தும் இரும்புக் கூண்டின் கதவு அடித்துக்கொண்டது. நடுவில் அவள் கை இருந்தது. நான் ஓட்டும் பள்ளிக்கூடப் பஸ்ஸை நிறுத்திவிட்டு பிஸ்மார்க் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு அப்போதுதான் மயக்கம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"அந்தக் கிடேரிக்குக் கால்ல ஒண்ணும் அடிபடலையே?"

இல்லை என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

கை ஆறுவதற்கு டிசம்பர் ஆகிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் அவள் பெட்டகத்தைத் திறந்து தன் பழைய துப்பாக்கியை எடுத்தாள். கனத்த இரும்புத் துப்பாக்கி அது. எண்ணெய்க் கிணறுகளுக்காக ஊரெல்லாம் வெளியாட்கள் குவிந்திருந்த வருடத்தில், யாரோ இரண்டு பேர் அவள் வண்டியைப் பதினெட்டு மைல் பின்தொடர்ந்து வந்தார்கள். அன்றிலிருந்து இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் அவள் வேலைக்குப் போனதில்லை. அதே துப்பாக்கியை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் கிளப்பின் ஜூன் மாதப் போட்டியில் நான்கு முறை ஜெயித்திருக்கிறாள்.

தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, அதை இடது கையில் பிடித்தாள். தவறி வெடிக்காமல் தடுக்கும் அதன் பூட்டு இடப்பக்கம் இருந்தது. வலது கையால் பிடிப்பவருக்குத்தான் அது கட்டைவிரலுக்கு எட்டும். இடது கட்டைவிரலை அவள் எப்படியெல்லாமோ வளைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. கடைசியில் மேசைமேல் வைத்தாள்.

"இது வலது கைக்காரிக்குச் செஞ்சது. அவ இப்ப இல்ல."

"விட்டுருவோமே, மார்னா," என்றேன். "வண்டியிலதான் போன் இருக்கே."

"ஸ்வென்சன் பண்ணைக்குப் போற ரோட்டுல எந்த இடத்துல சிக்னல் கிடைக்குதுன்னு சொல்லு, கேட்டுக்கறேன்."

அதன் பிறகு இரண்டு நாள் என்னிடம் சூப்பைப் பற்றி மட்டுந்தான் பேசினாள். உண்மையைச் சொன்னால், அவள் துப்பாக்கியை விட வேண்டும் என்பதல்ல என் ஆசை. மாட்டு வேலையையே விட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அதை நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல் துப்பாக்கி வழியாகச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அது புரிந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் அன்று மார்னாவின் அண்ணன் டுவெய்ன் வந்தான். எங்களைவிட ஆறு வயது பெரியவன். தானியக் கிடங்கு நடத்துகிறவன். ஜூன் போட்டியில் மார்னா ஜெயிக்காத வருடங்களில் பெரும்பாலும் ஜெயித்தவன். சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டி ஒன்றைத் தங்கை மடியில் வைத்தான். உள்ளே உள்ளங்கையளவு ரிவால்வர் ஒன்று இருந்தது.

"அஞ்சு தோட்டா," என்றான் டுவெய்ன். "கோட்டுப் பாக்கெட்ல போட்டுக்கலாம். இழுக்கறது தள்ளறது எதுவும் கிடையாது. அமுக்கினா வேலை முடிஞ்சுது. உன் இப்போதைய நெலமைக்கு இது போதும் தங்கச்சி. போட்டிக்கெல்லாம் இனிமே நீ வரப்போறதில்லையே."

"யாரு சொன்னா வரமாட்டேன்னு?"

டுவெய்ன் என்னைப் பார்த்தான். நான் என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

"இல்ல, இடது கையில பலம் இருக்காதுல்ல. அதைத்தான் சொன்னேன்."

"அப்படியா. கைய நீட்டு."

நீட்டினான். மார்னா தன் இடது கையால் அவன் கையைப் பிடித்துக் குலுக்குவதுபோல் அமுக்கினாள். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு முழங்கால் மடங்கியது.

"விடு, விடு, போதும்."

"இருபத்திரண்டு வருஷமா தோள்பட்ட வரைக்கும் மாட்டுக்குள்ள போயிட்டு வர்ற கை இதுதாண்ணா. வலது கை ஊசியப் பிடிக்கிறதோட சரி. கஷ்டப்பட்டதெல்லாம் இதுதான்."

"மாப்ள, இவகூட எப்படிய்யா குடித்தனம் பண்ற?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே விரல்களை உதறினான்.

அண்ணன் அன்பாகக் கொடுத்ததை முயன்று பார்க்காமல் திருப்பித் தர அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டில் தகர டப்பா ஒன்றை வைத்து, ஏழு கெஜத்திலிருந்து சுட்டாள். எடையே இல்லாத துப்பாக்கி என்பதால் ஒவ்வொரு வெடிக்கும் அது கையைவிட்டு எழும்பிக் குதித்தது. ஐந்தில் ஒன்றுதான் டப்பாவில் பட்டது. உள்ளங்கை சிவந்துபோனது.

"பாக்கெட்ல வைக்க நல்லாத்தான் இருக்கு," என்றாள். "சுடத்தான் ஆகாது."

ரிப்பனை மறுபடி கட்டி அண்ணனுக்கே அனுப்பினாள்.

ஜனவரி முதல் வாரம் நாங்கள் வெல்டாவின் கடைக்குப் போனோம். முன்பக்கம் மீன் தூண்டில், புழு, பனிக்கட்டி துளைக்கும் கருவி, பின்பக்கம் துப்பாக்கிகள், அதற்கும் பின்னால் நான்கு பேர் நின்று சுடக்கூடிய நீளமான கொட்டகை. வெல்டா பள்ளியில் மார்னாவுக்கு மூன்று வகுப்புக் கீழே படித்தவள். இன்றும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மற்றவர்கள்போல அவள் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எங்க காட்டு," என்று அந்தக் கையை வாங்கி, மீந்த மூன்று விரல்களையும் மடக்கி நீட்டிப் பார்த்தாள். "கட்டைவிரல் இருக்கு, மோதிர விரல் இருக்கு, சுண்டுவிரல் இருக்கு. இடுக்கி மாதிரி பிடிக்கும். சரி, என்ன வேணும்?"

மார்னா சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்தாள். அதன் பின்பக்கம் எழுதியிருந்தாள். "வண்டியில உக்காந்தா இடுப்புல குத்தக்கூடாது. மாட்டுக்குப் பின்னால குனிஞ்சா நழுவக்கூடாது. எல்லாத்தையும் இடது கையாலயே செய்யணும். ஜூன் மாசம் எங்க அண்ணன ஜெயிக்கணும்."

"கடைசி ஒண்ண முதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றாள் வெல்டா.

துப்பாக்கி எதையும் எடுக்குமுன் ஒரு காரியம் செய்தாள். "ரெண்டு கையையும் நீட்டி நடுவுல ஒரு ஓட்டை மாதிரி பண்ணு. அது வழியா அந்தக் கடிகாரத்தப் பாரு. இப்ப ரெண்டு கண்ணும் திறந்தபடியே கைய மெல்ல முகத்துக்குக் கொண்டா."

மார்னா கொண்டுவந்தாள். கைகள் நேராக இடது கண்ணில் வந்து நின்றன.

"இன்னொரு தடவ."

மறுபடியும் இடது கண்தான். வெல்டா முழங்கையைக் கண்ணாடிப் பெட்டிமேல் ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"அக்கா, நீ சுடும்போது தலையச் சாய்ச்சுக்கிட்டுத்தான் சுடுவ. நான் அதை உன் ஸ்டைல்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். உன் பலமான கண்ணு இடது கண்ணு. இத்தன வருஷமும் உனக்குத் தோதில்லாத கையால சுட்டிருக்க."

"தோதில்லாத கையால நாலு தடவ ஜெயிச்சேனா?"

"ஆமா."

மார்னா மறுபடியும் கைகளை நீட்டிக் கண்ணுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். அக்டோபருக்குப் பிறகு அவள் தோள்கள் அப்படி நிமிர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

வெல்டா பச்சைத் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றும் காலி என்று அவளும் பார்த்தாள், மார்னாவும் பார்த்தாள். முதலில் ஒரு குட்டிப் பிஸ்டல். இடுப்பில் வைத்தால் இருப்பதே தெரியவில்லை. பிஸ்டலில் மேல்சட்டத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் தோட்டா குழலுக்குள் ஏறும். அந்தக் குட்டியின் சட்டத்தை மார்னாவின் மூன்று விரல்களால் பாதிகூட இழுக்க முடியவில்லை.

"சின்னதா இருக்க இருக்க ஸ்பிரிங் விறைப்பா இருக்கும்," என்றாள் வெல்டா. "பொம்பளைக்குச் சின்னதுதான் லேசுன்னு சொல்லிக் கட்டிவிடறவங்க யாரும் அதை இழுத்துப் பார்க்கறதே இல்ல."

அடுத்தது செக் நாட்டில் செய்த பெரிய இரும்புத் துப்பாக்கி. சட்டம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. பூட்டு இரண்டு பக்கமும் இருந்தது. கொட்டகையில் பத்து கெஜத்திலிருந்து இடது கையால் ஐந்து தோட்டா சுட்டாள். காகிதத்தில் ஐந்து துளைகளும் ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டுக்குள் அடங்கின. இடது கையால் அவள் முதன்முதலாகச் சுட்ட ஒழுங்கான சுடுதல் அது. காகிதத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"இதுதான்," என்றேன். "எடுத்துக்க, போவோம்."

"இரு," என்றாள். காலித் துப்பாக்கியை உறையில் போட்டு இடது இடுப்பில் கட்டிக்கொண்டு, கடையின் நடுவில் மண்டியிட்டாள். எழுந்தாள். குனிந்து, இடது கையைத் தோள்வரை நீட்டி, இல்லாத மாட்டுக்குள் விட்டாள். மீன் தூண்டில் வாங்க வந்திருந்த ஒருவர் தொப்பியைக் கழற்றி வேடிக்கை பார்த்தார்.

"இங்க வந்து கண்ணாடியில அழகு பார்த்தவங்க நெறைய," என்றாள் வெல்டா. "மாட்டுக்கு ஊசி போட்டுப் பார்த்தவ நீ ஒருத்திதான்."

"ஜீன்ஸக் கீழ இழுக்குது."

"ஒரு நாள்ல தெரியாதுக்கா. ஒண்ணு பண்ணு." உறை அளவெடுக்க வெல்டா வைத்திருக்கும் நீல பிளாஸ்டிக் பொம்மைகள் இரண்டை எடுத்துக் கொடுத்தாள். ஒன்று அந்தச் செக் துப்பாக்கியின் அளவு. இன்னொன்று நடுத்தர அளவு. நான்கு அங்குலக் குழல் உள்ள கருப்புப் பிஸ்டல் ஒன்றின் பொம்மை. எடைக்காகத் தூண்டில் ஈயத்தை அவற்றில் வைத்து டேப் சுற்றினாள். "ஒரு வாரம் இதை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போ, இன்னொரு வாரம் அதை. அப்புறம் பேசலாம்."

இப்படியாக ஜனவரியில் இரண்டு வாரம் மார்னா நீலப் பொம்மைத் துப்பாக்கியோடு பால் பண்ணைகளுக்குப் போய்வந்தாள். கேலிக்குப் பஞ்சமில்லை. ஒரு பண்ணைக்காரர், "என்ன மார்னா, தண்ணி பீச்சுமா அது?" என்று கேட்டாராம். "குனிஞ்சு நில்லுங்க, பீச்சிக் காட்டறேன்," என்று இவள் ஊசியைக் காட்டினாளாம்.

பெரியது முதல் மூன்று நாள் தாக்குப்பிடித்தது. நான்காம் நாள் வீட்டுக்கு வந்தவள் இடுப்பைக் காட்டினாள். எலும்பின்மேல் நீலம் பாரித்திருந்தது. வண்டியில் பெல்ட் போடும்போதெல்லாம் குத்துகிறது என்றாள். ஐந்தாம் நாள் அதைக் கழற்றி வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது தானாகவே சொன்னாள்.

"நல்லாச் சுடுது, ஆனா வண்டியிலேயே கெடக்கும். வண்டியில கெடக்கற துப்பாக்கி எனக்கு எதுக்கு?"

அடுத்த வாரம் நடுத்தரத்தை மாட்டிக்கொண்டு போனாள். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து, பூட்ஸைக் கழற்றி, காபி போட்டு, பாத்திரம் கழுவிக் குளிக்கப் போகும்போதுதான் அது இடுப்பிலேயே இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. குளியலறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ஆர்லின், இதுதான்."

அந்தக் கருப்புப் பிஸ்டலில் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றும் பொத்தானை இடது கைக்கு மாற்றிக்கொள்ளலாம். பதினைந்து தோட்டா பிடிக்கும். பிப்ரவரியில் வெல்டாவின் கொட்டகையில் அதைச் சுட்டுப் பார்த்தபோது, பெரியதைப்போல் சீட்டளவுக்குள் அடங்காவிட்டாலும் எல்லாத் துளைகளும் ஒரு காபிக் கோப்பைத் தட்டுக்குள் விழுந்தன.

ஒரே ஒரு குறை இருந்தது. அதன் மேல்சட்டம் குட்டிப் பிஸ்டலை விட இளக்கம்தான். ஆனாலும் அவசரத்தில் மார்னாவின் மூன்று விரல்கள் பத்தில் ஒரு முறை வழுக்கின. பத்தில் ஒன்று என்பது அவளுக்குச் சம்மதமில்லை. சும்மா நின்று யோசித்தவள், திடீரென்று துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கும் குறிபார்க்கும் துண்டைத் தன் பெல்ட்டின் விளிம்பில் கொக்கிபோல மாட்டி, துப்பாக்கியை வேகமாகக் கீழே தள்ளினாள். சட்டம் பெல்ட்டில் நின்று, துப்பாக்கி மட்டும் கீழே போய்த் திறந்துகொண்டது. ஒரே கை போதும். ஆனால் அடுத்த முறை அந்தத் துண்டு பெல்ட்டிலிருந்து நழுவியது.

"இந்தத் துண்டோட முன்பக்கம் சரிவா இருக்கு," என்றாள். "சரிவா இல்லாம செங்குத்தா, செங்கல்லு மாதிரி இருந்தா மாட்டும்."

வெல்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "போலீஸ்காரங்க இதைக் காசு கட்டி வகுப்புக்குப் போயிக் கத்துக்கறாங்க. நீ பாட்டுக்கு நின்ன இடத்துல கண்டுபிடிக்கிற."

"அப்படி ஒரு துண்டு கிடைக்குமா கிடைக்காதா?"

கிடைத்தது. வெல்டாவே பழையதைத் தட்டிக் கழற்றிப் புதியதைப் பொருத்தினாள். மார்னா ஐம்பது முறை பெல்ட்டில் மாட்டித் தள்ளினாள், குழல் எப்போதும் தன் காலைவிட்டு விலகி முன்பக்கத் தரையைப் பார்க்கும்படி. ஐம்பது முறையும் திறந்தது. பழைய துப்பாக்கியைப் பெட்டியோடு எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள்.

"இதை எடுத்துக்கிட்டு அதைக் கொடு."

"நெஜமாவா? நாலு கோப்பை வாங்கிக் கொடுத்த துப்பாக்கியாச்சே இது," என்றாள் வெல்டா.

"கோப்பை வீட்லதான் இருக்கு. அதையா கேக்கற?"

குளிர்காலத்தின் மிச்சமெல்லாம் எங்கள் வீட்டின் அடித்தளத்தில் கழிந்தது. நான் மேலே ஹாக்கி பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே காலித் துப்பாக்கியின் க்ளிக் சத்தம் கேட்கும். உறையிலிருந்து உருவு, குறி, க்ளிக், பெல்ட், மறுபடி க்ளிக். மார்ச் மாதம் பனி இளகியதும் கொட்டகைக்குப் பின்னால் இரும்புத் தட்டு வைத்துச் சுட ஆரம்பித்தாள். முதல் வாரம் நிறையவே தவறியது. ஒரு நாள் உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, அதில் சாய்ந்துகொண்டு நின்றாள். சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தாள்.

"ஒண்ணும் சொல்லாத. தோட்டா மட்டும் எடுத்து வை. நாளைக்கு நூறு."

நான் எடுத்து வைத்தேன். அன்றிலிருந்து மேகசின்களில் தோட்டா நிரப்புவது என் வேலையாயிற்று. அவளை வேலையை விடச் சொல்லும் எண்ணம் எப்போது என்னைவிட்டுப் போனது என்று தெரியவில்லை. ஏப்ரல் வாக்கில் தேடிப் பார்த்தால் அது இல்லை.

ஜூன் இரண்டாம் ஞாயிறு. சரளைக்கல் தோண்டிய பள்ளத்தில்தான் எங்கள் கிளப்பின் சுடுதளம். அருகருகே இரண்டு சட்டங்கள்; ஒவ்வொன்றிலும் ஆறு இரும்புத் தட்டுகள்; பத்து கெஜ தூரம். இரண்டு பேர் நிற்பார்கள். மணி அடித்ததும் யார் ஆறையும் முதலில் சாய்க்கிறார்களோ அவர்கள் மேலே போகலாம். பதினாறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். நடுவர் வெல்டா.

மார்னா இடது இடுப்பில் உறையோடு வரிசையில் போய் நின்றபோது பேச்சுச் சத்தம் குறைந்தது. முதல் சுற்றில் அவளுக்கு எதிராக வந்தவர் ஷெரிப் அலுவலகத்து உதவி அதிகாரி. மார்னாவின் கையைப் பார்த்துவிட்டு, "மெதுவாவே சுடுங்க, நான் காத்திருக்கேன்," என்றார், மரியாதையாகத்தான். மணி அடித்தது. அவருக்கு இரண்டு தட்டு மீதியிருக்கும்போதே மார்னா துப்பாக்கியை இறக்கிவிட்டாள். "காத்திருந்ததுக்கு நன்றி," என்றாள். கூட்டம் சிரித்தது. அந்த மனிதரும் சிரித்தார்.

அடுத்த இரண்டு சுற்றும் அப்படித்தான் போயின. அவள் தலை சாயவேயில்லை. நேராக நின்று, தட்டுத் தட்டாக வரிசையாகச் சாய்த்தாள். இறுதிச் சுற்றில் எதிரே டுவெய்ன் நின்றான். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும்.

"தங்கச்சி, தோட்டா போதுமா? நான் குளிர்காலத்துல வீட்லயே மருந்து நெரப்பிச் செஞ்சது இருக்கு, நல்ல சரக்கு," என்று ஒரு டப்பாவை நீட்டினான்.

"கொடு," என்று வாங்கி என்னிடம் தந்தாள். எங்களிடம் உண்மையாகவே குறைந்துபோயிருந்தது. நான் மேகசின்களை நிரப்பினேன்.

முதல் ஆட்டம் டுவெய்னுக்கு. கண்சிமிட்டும் நேர வித்தியாசம். கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினான். "மாப்ள, வீட்டுக்குப் போகும்போது வண்டிய நீ ஓட்டு, அவளுக்கு மனசு சரியிருக்காது," என்றான்.

"மச்சான், உங்க தட்டப் பாருங்க," என்றேன்.

இரண்டாவது மார்னாவுக்கு. ஆறு வெடி, ஆறு தட்டு. டுவெய்ன் நான்கில் நின்றிருந்தான். தொப்பியைத் தூக்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் மணி அடித்ததும் இருவரும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். டுவெய்ன் அவசரப்பட்டான். அவன் துப்பாக்கியில் எட்டுத் தோட்டாக்கள்தான். மூன்று தவறி, ஐந்து தட்டு சாய்ந்து, காலியாகிவிட்டது. மார்னாவுக்கும் ஐந்து சாய்ந்தது. ஆறாவதைக் குறிபார்த்து அமுக்கினாள்.

க்ளிக்.

வெடிக்கவில்லை. டுவெய்ன் காலி மேகசினை உதறிவிட்டு அடுத்ததைச் செருகினான். நாற்பது வருடப் பழக்கம். அவன் கை மிக வேகம். மார்னா தன் வலது கைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசையிலிருந்து விரலை எடுத்தாள். துப்பாக்கி இடுப்புக்கு இறங்கியது. பெல்ட்டில் மாட்டி ஒரே தள்ளு. கெட்ட தோட்டா பித்தளை நிறத்தில் சுழன்று விழுந்தது. துப்பாக்கி மேலே வந்தது. இரண்டு வெடிகளும் ஒரே சத்தமாகத்தான் எனக்குக் கேட்டன.

இரண்டு கடைசித் தட்டும் சாய்ந்து கிடந்தன. எல்லோரும் வெல்டாவைப் பார்த்தார்கள். அவள் இரண்டு துப்பாக்கிகளும் காலியானதை முதலில் சரிபார்த்தாள். பிறகு மார்னாவின் இடது கையைப் பிடித்து மேலே தூக்கினாள்.

பள்ளத்தில் எழுந்த சத்தத்தில் சாலையில் போன லாரி ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது. ஷெரிப் அலுவலகத்துக்காரர் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. தொப்பி தொலைந்துபோயிருந்தது, அது மட்டும் தெரியும்.

மார்னா குனிந்து அந்த வெடிக்காத தோட்டாவைத் தேடி எடுத்து, அண்ணனிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"உன் தோட்டா உனக்கு விசுவாசமாத்தான் இருந்துச்சு, அண்ணா."

டுவெய்ன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் காதுவரை சிவந்துவிட்டது. "சத்தியமா தெரியாது தங்கச்சி. ஆயிரத்துல ஒண்ணு இப்படி ஆகும்."

"தெரியும். அதனாலதான சிரிக்கிறேன்."

அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு நிமிர்ந்தான். "போன கிறிஸ்துமஸ்ல நான் கொடுத்தேனே அந்தப் பொடி ரிவால்வர். அதோட நீ இன்னிக்கு வந்திருந்தா..."

"அஞ்சு தட்டோட நின்னிருப்பேன்."

"அப்ப நான் ஜெயிச்சிருப்பேன்," என்றான் டுவெய்ன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரித்ததால் வந்த கண்ணீர் என்று இன்றும் சொல்கிறான்.

பரிசு வழக்கம்போல் ஒரு கோப்பை, கூடவே ஒரு முழுப் பன்றித் தொடை. மூன்று நாள் சாப்பிட்டோம்.

புதன்கிழமை காலை நானும் மார்னாவும் ஊர் காப்பிக் கடைக்குப் போனோம். அவளுக்கு அன்று நாற்பது கிடேரிக்கு ஊசி போட வேண்டியிருந்தது. கம்பளிச் சட்டைக்கடியில் பிஸ்டல் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. டுவெய்ன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உரம் விற்க வந்த வெளியூர்க்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"ஒரு கையாலங்க. பெல்ட்டுல தட்டி ஏத்தினா பாருங்க, நான் மேகசின் மாத்தறதுக்குள்ள தட்டு காலி. இருபது கெஜம். காத்து வேற அடிச்சுது. என் சொந்தத் தங்கச்சி. நான்தான் அவளுக்கு முதல்ல துப்பாக்கி பிடிக்கக் கத்துக்கொடுத்தேன்."

"தோத்ததையே இவ்வளவு சந்தோஷமாச் சொல்றீங்களே," என்றார் அந்த மனிதர்.

மார்னா தட்டில் மீதியிருந்த ருபார்ப் இனிப்பை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம பத்து கெஜம். நேத்து சொன்னப்ப பதினஞ்சு," என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். "காத்து இன்னிக்குத்தான் புதுசா வந்திருக்கு."

"சொல்லித் திருத்தட்டுமா?"

"எதுக்கு? அவன் பாட்டுக்குச் சொல்லட்டும்," என்றாள். இடது கையால் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகிற வழியில் அண்ணன் தொப்பியை அவன் கண்வரை இழுத்து இறக்கிவிட்டு வெளியே போனாள்.